பெயரிடப்படாத பாறை: மாமல்லபுரச் சிற்பங்களில் அரசனும் பார்வையாளரும்

ஆய்வுச் சுருக்கம்

மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பங்கள் பல்லவ அரசர்களின் படைப்பு என்பதில் ஐயமில்லை. எனினும் இன்று அங்கு வழங்கும் பெயர்களுள் பெரும்பாலானவை அரசர் இட்டவை அல்ல. அரசர் பொறித்த பெயர்கள், மக்கள் வழங்கிய பெயர்கள், சுற்றுலா பரப்பிய பெயர்கள் ஆகிய மூன்றும் அங்கு ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன. இப்பெயர்களின் வழியாகவே பார்வையாளர் சிற்பங்களைக் காண்கின்றனர். பெருஞ்சிற்பத் தொகுதி பற்றிய அருச்சுனன் தவம், கங்கை இறக்கம் என்னும் இரு விளக்கங்களையும், அவற்றைக் கடந்து முன்வைக்கப்பட்ட சிலேடைக் கருத்தையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது. அரசன் பெயரும் உருவமும் எவ்விடங்களில் உள்ளன, எவ்விடத்தில் இல்லை என்பதே இவ்விவாதத்தில் உரிய கவனம் பெறாத சான்று என்று வாதிடுகிறது. நினைவுச்சின்னத்தைச் சுற்றுலாத்தலமாகக் காட்சிப்படுத்தும் முறைக்கு இதனால் விளையும் பொறுப்பையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: மாமல்லபுரம், பல்லவர், குடைவரை, ஒற்றைக்கல் தளி, பெருஞ்சிற்பத் தொகுதி, சிலேடை, காட்சிப்படுத்தல்

முன்னுரை

1984இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்ற மாமல்லபுரம், தமிழ்நாட்டின் முதன்மையான சுற்றுலாத்தலங்களுள் ஒன்று. 2021-22ஆம் ஆண்டில், இந்தியத் தொல்லியல் துறையின் நுழைவுக்கட்டணம் உள்ள நினைவுச்சின்னங்களுள் வெளிநாட்டுப் பயணிகள் மிகுதியாக வந்த இடமாக அது தாஜ்மகாலையும் முந்தியது. பெருந்தொற்றுக் காலத்தின் இயல்பற்ற சூழலில் நேர்ந்த நிலை இது என்றாலும், அவ்விடத்தின் ஈர்ப்பை அது உணர்த்துகிறது.

இத்தனை பேர் வந்து காணும் ஓரிடத்தில் அவர்கள் எதைக் கண்டு செல்கின்றனர் என்னும் வினா கலைவரலாற்றுக்கு அயலானதன்று. சிற்பத்திற்கு முன் நிற்பவருக்கு முதலில் கிடைப்பது அதன் பெயர். 'அருச்சுனன் தபசு' என்று கேட்டவர் அருச்சுனனைத் தேடுகிறார். 'பஞ்சபாண்டவர் ரதம்' என்று கேட்டவர் ஐவரை எண்ணுகிறார். இப்பெயர்கள் எங்கிருந்து வந்தன, அரசர் தாமே விட்டுச்சென்ற பெயர்கள் எவை, எதற்கு அவர் பெயர் இடவில்லை என்பவற்றை ஒருசேர வைத்து நோக்குவது, சிற்பங்களைப் பற்றிய நீண்ட விவாதத்தில் சில தெளிவுகளைத் தரும்.

கல்லைத் தேர்ந்த அரசர்

பாறையைக் குடைந்து கோயில் எடுப்பது பல்லவ நாட்டில் முதலாம் மகேந்திரவர்மனால் (கி.பி. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம்) ஊக்கம் பெற்றது. செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து ஆகியன இன்றிப் பிரமன், ஈசன், திருமால் ஆகிய மூவர்க்கும் விசித்திரசித்தன் எடுத்த தளி என்று மண்டகப்பட்டுக் கல்வெட்டு கூறுகிறது. இக்கூற்றில் புதுமை பற்றிய பெருமிதம் வெளிப்படை. அழியும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விலக்கிய பின்னரே கல்லின் நிலைபேறு உணர்த்தப்படுகிறது.

இம்மரபின் விரிவே மாமல்லபுரம். முதலாம் நரசிம்மவர்மன் (கி.பி. 630-668) தாங்கிய 'மாமல்லன்' என்னும் விருதுப்பெயரே ஊருக்கு அமைந்தது. குடைவரைகள், ஒற்றைக்கல் தளிகள், திறந்தவெளிப் புடைப்புச் சிற்பங்கள், கட்டுமானக் கோயில்கள் என நால்வகை ஆக்கமும் ஒரே ஊரில் அமைந்திருப்பது அரிது. இவற்றுள் எது எவ்வரசன் காலத்தது என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. படிமுறை வளர்ச்சியை ஏற்றுப் பல அரசர்களுக்குப் பகிர்ந்தளிப்பது மரபான கொள்கை. கே. ஆர். சீனிவாசனின் குடைவரை ஆய்வு (1964) இந்நெறியைச் சார்ந்தது. மாமல்லபுரத்துப் படைப்புகள் அனைத்தும் இரண்டாம் நரசிம்மவர்மனாகிய இராசசிம்மனுக்கே உரியவை என்று 1962இல் இரா. நாகசாமி வாதிட்டார். பாணி வேறுபாட்டைக் கால வேறுபாடாகவே கொள்ள வேண்டியதில்லை என்பதும், ஓர் அரசனின் பன்முக ஈடுபாடும் பலவகைப் பாணிகளைத் தோற்றுவிக்கலாம் என்பதும் அவர் வாதத்தின் வலிமை. அவர் முடிவை ஏற்காதவரும் இவ்வினாவைத் தவிர்க்க இயலவில்லை.

மூவகைப் பெயர்கள்

மாமல்லபுரத்தில் வழங்கும் பெயர்களை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, அரசர் பொறித்தவை. தருமராச ரதத்தில் நரசிம்மன் உள்ளிட்ட விருதுப்பெயர்கள் கிரந்த எழுத்தில் வரிசையாக உள்ளன. அதன் மேல்தளத்தில் 'அத்யந்தகாம பல்லவேஸ்வர கிருகம்' என்னும் பெயர் காணப்படுகிறது. கணேச ரதத்திலும் தருமராச மண்டபத்திலும் அதே பெயர் வருகிறது. ஆகவே, இன்று யுதிட்டிரன் பெயரால் வழங்கும் தளி, எடுத்த அரசனின் விருதுப்பெயரால் அமைந்த ஈசன் இல்லமே என்பது கல்வெட்டால் உறுதிப்படுகிறது.

இரண்டாவது, மக்கள் வழங்கியவை. ஐந்து தளிகளைப் பாண்டவர்க்கும் திரௌபதிக்கும் உரியனவாகக் கருதும் வழக்கு கட்டடங்களின் எண்ணிக்கையால் எழுந்தது. திரௌபதி ரதம் எனப்படுவது கொற்றவைக்குரியது. அதன் கருவறைச் சுவரில் தேவி நிற்கிறாள். இவை தேர்களும் அல்ல. எனினும் இப்பெயர்களைப் பிழை என்று ஒதுக்கிவிடுவது எளிய தீர்ப்பு. வழிபாட்டிற்குள் முழுமையாக வராத, அரசமரபு மறைந்தபின் உரிமை கொண்டாடுவார் இல்லாத கற்றளிகளை மக்கள் தம் நினைவில் நிறுத்திக்கொள்ளக் கையாண்ட வழி அது. பாரதக்கூத்தும் திரௌபதி வழிபாடும் வேரூன்றிய வட தமிழகத்தில் இப்பெயரீடு இயல்பானதே.

மூன்றாவது, பயண உலகம் பரப்பியவை. ஐரோப்பிய மாலுமிகள் இவ்வூரை 'ஏழு கோயில்கள்' என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தனர். சரிவான பாறையில் நிற்கும் உருண்டைக்கல் 'கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை' எனப்படுகிறது. அது இயற்கையாக அமைந்த பாறை. அதில் உளியின் வேலை எதுவும் இல்லை. ஆயினும் பார்வையாளர் மிகுதியாகப் படம் எடுத்துக்கொள்ளும் இடங்களுள் அதுவும் ஒன்று. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் அங்குக் கைகோத்து நின்ற காட்சி அதன் புகழை மேலும் பெருக்கியது. அரசர் செதுக்கிய ஊரில் செதுக்கப்படாத கல் ஒன்று இத்தகைய புகழ் பெறுவதற்குப் பெயரின் ஆற்றலும் காரணம்.

பெருஞ்சிற்பத் தொகுதியும் இரு விளக்கங்களும்

ஏறத்தாழ 29 மீட்டர் நீளமும் 13 மீட்டர் உயரமும் கொண்ட பெருஞ்சிற்பத் தொகுதியில் அரசர் பெயரோ காட்சியின் பெயரோ பொறிக்கப்படவில்லை. நடுவே இயற்கையான பிளவு. அதில் நாகர்கள் மேல்நோக்கி எழுகின்றனர். இருபுறத்தும் தேவர், கந்தருவர், முனிவர், வேடர், விலங்குகள் அனைவரும் பிளவை நோக்கித் திரண்டு வருகின்றனர். இடப்பக்கத்தில், உடல் வற்றிய தவசி ஒருவர் கைகளை உயர்த்தி ஒற்றைக்காலில் நிற்கிறார். அவர்முன் சிவபெருமான் வரமளிக்கும் நிலையில் தோன்றுகிறார். கீழே திருமால் எழுந்தருளிய சிறு கோயிலும் அதன்முன் அமர்ந்த முனிவரும் உள்ளனர். வலப்பக்கத்தில் பெரிய யானைகள் கன்றுகளுடன் நிற்கின்றன.

தவசியை அருச்சுனன் எனக் கொண்டு பாசுபதம் பெற்ற கதையைக் காண்பது பழைய வழக்கு. 1914இல் பிரெஞ்சு மொழியில் எழுதிய விக்டர் கோலுபேவ், காட்சியின் மையம் தவசி அல்லர், பிளவே என்று கூறி, பகீரதன் தவத்தால் கங்கை இறங்கிய கதையை முன்வைத்தார். பிளவின் மேற்புறத்தில் நீர் தேக்குதற்கான அமைப்பின் தடயம் உண்டு. அங்கிருந்து நீரை விடுத்தால் அது நாகர்களின்மேல் வழிந்து கீழுள்ள தொட்டியில் சேரும். பிளவருகே ஒருவர் நீராடிய ஆடையைப் பிழிகிறார். மற்றொருவர் நீர்க்குடம் சுமக்கிறார். இவை ஆற்றங்கரைக் காட்சிகள் என்பதை மறுப்பதற்கில்லை.

எனினும் இரு விளக்கங்களிலும் குறை உண்டு. அருச்சுனன் கதையின் உச்சம் வேடனாக வந்த ஈசனோடு அவன் பொருததாகும். அப்போர் இங்கு இல்லை. அத்துடன் அனைவரும் தவசியைப் புறக்கணித்துப் பிளவை நோக்குவது ஏன் என்பதற்கும் விடை கிடைப்பதில்லை. கங்கைக் கதையின் உச்சம் ஈசன் தன் சடையில் ஆற்றைத் தாங்குவதாகும். திருச்சிராப்பள்ளி மேல்குடைவரையில் மகேந்திரவர்மன் அக்காட்சியைச் செதுக்குவித்திருக்கிறான். அதனை நன்கறிந்த மரபினர், ஆற்றைக் காட்டும் பெருஞ்சிற்பத்தில் ஈசனின் சடையை ஏன் விரித்துக் காட்டவில்லை? ஒவ்வொரு விளக்கமும் தனக்கு இன்றியமையாத ஒன்றைச் சிற்பத்தில் காணாமலே நிற்கிறது.

சிலேடையும் எள்ளலும்

இம்முட்டுப்பாட்டிலிருந்து வெளியேற வழி காட்டியவர்கள் பத்மா கைமலும் (1994) மைக்கேல் ராபேயும் (1997). இருபொருளும் ஒருங்கே கருதப்பட்டவையே என்றும், ஒரு தொடரில் இருகதை சொல்லும் வடமொழிக் காவிய உத்தியின் சிற்ப வடிவம் இது என்றும், அரசனைப் புகழ்வதே அதன் நோக்கம் என்றும் இவர்கள் வாதம் அமைகிறது.

இதற்கு அரண் சேர்க்கும் சான்றுகள் பல்லவர் படைப்புகளிலேயே உள்ளன. திருச்சிராப்பள்ளிக் கல்வெட்டு, ஆறுகளை விரும்பும் சிவன் காவிரியையும் விரும்பிவிடக்கூடும் என அஞ்சி மலைமகள் அம்மலையில் குடிகொண்டு, காவிரி பல்லவனின் காதலி என்று உரைப்பதாகப் பாடுகிறது. அரசனும் ஈசனும் ஒரே தொடரில் மயங்கும் இடம் இது. மாமல்லபுரத்திலேயே கண்ணால் காணத்தக்க சிலேடை ஒன்றும் உண்டு. நகுல சகதேவ ரதம் எனப்படும் தளி யானையின் பின்புற வடிவில் அமைந்த தூங்கானை மாடம். அதனருகே முழு யானை ஒன்று, பின்புறம் காட்டி, ஒரே கல்லில் செதுக்கப்பட்டு நிற்கிறது. கட்டடக்கலைப் பெயரையே கல்லில் விளையாட்டாக்கிய இச்செயல், சிலேடைக் கருத்து பிற்காலத்தார் கற்பனை அன்று என்பதைக் காட்டும்.

எள்ளலும் இம்மரபிற்கு அயலன்று. யானையின் கீழ்ப்புறத்தில் பூனை ஒன்று பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களை உயர்த்தித் தவம் புரிகிறது. எலிகள் அதனைச் சூழ்ந்துள்ளன. மேலே நிற்கும் தவசியின் நிலையையே அது போலி செய்கிறது. பொய்த்தவப் பூனையின் கதை பாரதத்தில் வருவது. துறவுக்கோலத்தார் பலரை எள்ளி நகையாடும் 'மத்தவிலாசப் பிரகசனம்' மகேந்திரவர்மன் இயற்றியது என்பதை நினைத்தால், தவத்தை வணங்கும் பாறையிலேயே போலித்தவத்தை நகைக்கும் துணிவு எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.

ஆயினும் சிலேடைக் கருத்திலும் ஓர் இடர்ப்பாடு எஞ்சுகிறது. இருபொருளை நுகரக் காவியம் பயின்ற அவை வேண்டும். பெருஞ்சிற்பத் தொகுதியோ கடல்துறை ஊர் ஒன்றில், கூரையும் வாயிலும் இன்றி, போவார் வருவார் அனைவர்க்கும் எதிரே நிற்கிறது. வணிகரும் மாலுமிகளும் மீனவரும் அதனைக் கண்டிருப்பர். யானைக் கூட்டத்தையும் பூனையையும் நீரின் வீழ்ச்சியையும் காண்பதற்குக் காவியப் பயிற்சி வேண்டியதில்லை. அவையோரை மட்டும் கருதிய விளக்கம், திறந்தவெளியில் நிற்கும் சிற்பத்தை மூடிய மண்டபத்துள் வைத்துப் பார்க்கிறது.

அரசனின் உருவம் இருக்கும் இடம்

அரசன் தன் பெயரை எங்குப் பொறித்தான் என்னும் வினா இங்குப் பயன்படும். பெயருடன் கூடிய அரச உருவங்கள் ஆதிவராகர் குடைவரையில் உள்ளன. ஒருபுறம் இரு தேவியர் நிற்க அரசன் அமர்ந்திருக்கிறான். மேலே சிம்மவிஷ்ணுவின் பெயர். எதிர்ப்புறம் ஓர் அரசன் தேவியின் கையைப் பற்றி, மறுகையால் கருவறையைச் சுட்டி நிற்கிறான். மேலே மகேந்திரனின் பெயர். 1926இல் எச். கிருஷ்ண சாஸ்திரி இவற்றை விரிவாக வெளியிட்டார். பெயர் இருந்தும் விவாதம் தீரவில்லை. இவர்கள் முதலாம் மகேந்திரனும் அவன் தந்தையும் என்பர் ஒருசாரார். முதலாம் நரசிம்மனும் இரண்டாம் மகேந்திரனும் என்பர் மற்றொரு சாரார். இராசசிம்மனும் அவன் மகனும் என்பது நாகசாமியின் கருத்து.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, பெயர்ப் பொறிப்பு மட்டும் ஐயத்தைப் போக்குவதில்லை. இரண்டாவது, அரசன் தன் உருவத்தையும் பெயரையும் ஒருங்கே வைத்த இடம் குடைவரையின் உட்சுவர். அங்குச் சென்று, கிரந்தம் படிக்கத் தெரிந்து, தெய்வத்தை வணங்குவோர்க்கு நடுவே அரசனும் வணங்குபவனாகவே காட்சி தருகிறான். தருமராச ரதத்தின் தளிப்பெயரோ தரையில் நிற்பவர் எளிதில் படிக்கவியலாத உயரத்தில் உள்ளது. அரசன் பெயர் தெய்வத்தின் அறிவிற்கும் சிலரது வாசிப்பிற்கும் உரியதாக வைக்கப்பட்டது. பலர் காணும் பெரும்பாறையில் அது வைக்கப்படவில்லை.

ஆகவே பெருஞ்சிற்பத்தின் பெயரின்மையைத் தற்செயல் என்றோ, பணி முடியாமையால் விடுபட்டது என்றோ மட்டும் கொள்வது போதாது. பெயர் பொறிக்கும் வழக்கம் நிலைபெற்ற ஊரில், மிகப் பெரிய படைப்பு பெயரின்றி நிற்கிறது. அங்கு அரசன் தன்னைப் பெயரால் உணர்த்தவில்லை; நீரும் தவமும் வரமும் உயிர்க்கூட்டமும் ஒருங்கு திரளும் ஒரு நிகழ்ச்சியை ஏற்படுத்தித் தந்தவனாக உணர்த்துகிறான். படித்தவர் அதில் இருகதை காணலாம். படியாதவர் கதையின்றியும் காணலாம். இவ்விரு பார்வைக்கும் இடம்தருவதே அதன் அரசியல். சிலேடைக் கருத்து இவ்வாறு விரிவு பெறும்போதே திறந்தவெளிக்குப் பொருந்துகிறது.

முற்றுப்பெறாமை எனும் சான்று

மாமல்லபுரத்தில் முற்றுப்பெற்ற படைப்புகளினும் முற்றுப்பெறாதவை மிகுதி. ஒற்றைக்கல் தளிகள் மேலிருந்து கீழாகச் செதுக்கப்பட்டவை. ஆதலால் சிகரம் நிறைவுற்றும் அடிப்பகுதி கரடாகவும் நிற்கின்றன. வலையன்குட்டை ரதத்திலும் பிடாரி ரதங்களிலும் இதனைத் தெளிவாகக் காணலாம். முற்றுப்பெறாத குடைவரைகளில் பாறைமுகம் கட்டம் கட்டமாகப் பிரித்துக் குடையப்பட்ட முறை புலப்படுகிறது. பெருஞ்சிற்பத் தொகுதிக்குத் தெற்கே, அதே பொருளில் தொடங்கிக் கைவிடப்பட்ட மற்றொரு பாறையும் உள்ளது. ஒரே காட்சியை இருமுறை செதுக்க முனைந்தது ஏன் என்னும் வினா பெருஞ்சிற்ப விவாதத்தில் மையமாக வேண்டியது.

பிற்காலத்தார் செய்த மாற்றங்களும் இத்தகைய சான்றுகளே. இராமானுச மண்டபம் முதலில் சிவனுக்குரிய குடைவரை. அதன் சிற்பங்கள் செதுக்கி நீக்கப்பட்டு, சங்கும் சக்கரமும் பொறிக்கப்பட்டன. உருத்திரனை உள்ளத்தில் கொள்ளாதோரைச் சபிக்கும் பல்லவர் கல்வெட்டு அங்கு இன்றும் உள்ளது. கோவர்த்தன மலையைக் கண்ணன் தாங்கும் காட்சி முதலில் வெட்டவெளியில் இருந்தது. விசயநகரக் காலத்தில் அதன்முன் மண்டபம் எழுந்தது. திறந்த பாறை மண்டபச் சுவராகியபோது பார்வையின் தொலைவும் ஒளியும் மாறிவிட்டன. இச்சின்னத்திற்கு ஏழாம் நூற்றாண்டு மட்டுமே வரலாறு அன்று.

சுற்றுலாத்தலமும் காட்சிப்படுத்தலும்

தமிழ் வாசகர் பலர் மாமல்லபுரத்தைக் காணுமுன் 'சிவகாமியின் சபத'த்தைக் கண்டிருப்பர். 1944 முதல் 1946 வரை கல்கி இதழில் வெளிவந்த அப்புதினம், ஆயனர் என்னும் கற்பனைச் சிற்பியைப் படைத்தது. அரசர் பெயர் தாங்கிய கல்வெட்டுகள் சொல்லாத சிற்பிக்கு அது முகம் தந்தது என்பது அதன் பெருமை. புதினத்தைச் சான்றாகக் கொண்டு சிற்பத்திற்குக் கதை சொல்லும்போது மட்டுமே அது இடையூறாகிறது.

வழிகாட்டும் உரைகளும் கையேடுகளும் பெரும்பாலும் ஒரு சிற்பத்திற்கு ஒரு பெயர், ஒரு கதை, ஓர் அரசன் என்று நிறுத்திக்கொள்கின்றன. நேரம் குறைந்த பயணிக்கு அது வசதி. ஆனால் அவ்வசதிக்குரிய விலை பெரிது. கதை முடிவானால் பார்த்தலும் முடிந்துவிடுகிறது. முற்றுப்பெறாத பாறை 'பார்க்க ஒன்றுமில்லாத' இடமாகிறது. பார்வையாளர் செல்லாத இடத்தில் பாதுகாப்பின் தேவையும் உணரப்படுவதில்லை. பெயர் பெற்ற சின்னம் வேலியும் விளக்கும் பெறுகிறது. பெயரற்றது வெறும் கல்லாக எண்ணப்படும் இடர் நேர்கிறது. உளித்தடம் தேய்ந்துவிட்டால், பணிமுறையைச் சொல்லும் ஒரே ஆவணம் அழிந்ததாகும்.

ஆதிவராகர் குடைவரை எதிர்மறையான சிக்கலைக் காட்டுகிறது. அரச உருவங்கள் அங்கு இருப்பதால் அதனைப் பயணிகளுக்கு முழுமையாகத் திறந்துவிட வேண்டும் என்னும் வாதம் எழலாம். அது வழிபாடு நிகழும் கோயில். அரசன் தன் உருவத்தை அங்கு வைத்ததே வழிபாட்டின் பொருட்டு. அதனை அருங்காட்சிக்கூடமாக்குவது அவ்வுருவங்களின் பொருளையே நீக்குவதாகும். அவற்றின் படங்களையும் பொறிப்புகளின் வாசகத்தையும் விவாதத்தையும் வெளியே வேறோரிடத்தில் தருவதே தகும்.

முடிவுரை

மாமல்லபுரத்துப் பெருஞ்சிற்பம் அருச்சுனனைக் குறிப்பதா, பகீரதனைக் குறிப்பதா என்னும் வினாவிற்கு ஒரு பெயரை விடையாகத் தருவது அச்சிற்பத்தின் இயல்பிற்கு ஒவ்வாது. இரு கதைக்கும் இடந்தந்து இரண்டிலும் அடங்காமல் நிற்பதும், அரசன் பெயரை ஏற்காமல் நிற்பதும் அதன் அமைப்பிலேயே உள்ள பண்புகள். பெயர் பொறித்த இடங்கள் சிலருக்கும், பெயர் பொறிக்காத இடம் பலருக்கும் என்னும் வேறுபாட்டை ஏற்றால், சிலேடைக் கருத்து அவைக்கு அப்பாலும் விரிகிறது.

மக்கள் இட்ட பெயர்களை நீக்க வேண்டியதில்லை. அவை பல நூற்றாண்டுகளாக அவ்விடத்தை நினைவில் காத்தவை. அவற்றுடன் அரசர் பொறித்த பெயரையும், அறிஞர் மாறுபடும் இடத்தையும், பணி நின்றுபோன தடத்தையும் அருகருகே காட்டினால் போதும். வரும் பயணி அப்போது பதில் ஒன்றைக் கேட்டுத் திரும்புவதற்கு மாறாக, பாறையின்முன் சற்று நேரம் நிற்பார். செங்கல்லையும் மரத்தையும் விலக்கிக் கல்லைத் தேர்ந்த மரபு, பார்வையாளரிடம் எதிர்பார்த்ததும் அந்நிலைத்த பார்வையே ஆகலாம்.